பந்தல் துணி: நிறம் அல்ல, சரிவுதான் முக்கியம்!

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியே கல்வராயன் மலை ஏறினால் வெள்ளிமலை. காருக்குப் பின்னால் கூடார வண்டியை இழுத்துக்கொண்டு இங்கே தங்கப் போகிறவர்கள், வண்டி வாசலுக்கான பந்தல் துணியை வாங்கும்போது பெரும்பாலும் நிறத்தையும் விலையையும்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது சரிவு.

3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத் துணியில் சராசரியாக 1 செ.மீ. தண்ணீர் தேங்கினாலே 60 லிட்டர். அதாவது 60 கிலோ! ஒரு பெரிய ஆள் மேலே உட்கார்ந்த மாதிரி. கீழே குழந்தைகள் இருந்தால்?

அதனால், கால்களின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாடலாக வாங்குங்கள். மழை வந்தால் ஒரு மூலையைத் தாழ்த்திவிட்டால் போதும், தண்ணீர் வடிந்துவிடும்.

கேன்வாஸ் வெயிலுக்கு இதம்; ஆனால் கனம் அதிகம், ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். நீர் புகாத பூச்சுள்ள பாலியெஸ்டர் லேசானது, சீக்கிரம் காயும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்துக்கு அதுவே வசதி.

பந்தலுக்குக் கீழே அடுப்பு வேண்டாம். காற்று பலமானாலும், தூங்கப் போகும்போதும் துணியைச் சுருட்டிவிடுங்கள்.