தோட்டாவைத் தேர்ந்தெடுத்தவர் யார்?

சேத்தியாத்தோப்பில் என்னிடம் பௌதிகம் படித்து, இப்பொழுது அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளையொருவன் விசித்திரமான சந்தேகம் ஒன்றைக் கேட்டு எழுதியிருக்கிறான். அங்கே மான் வேட்டைக்குச் சர்க்கார் அனுமதிச் சீட்டு உண்டு. அதற்கென்று தன் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்து ஒரு ரைபிளைச் செய்விக்கப் போகிறானாம். "ஐயா, இது 'ஷார்ட் ஆக்ஷன்' என்னும் குட்டை வகை ரைபிள். இதற்கு எந்தத் தோட்டா உசிதம்? கடைக்காரர் பத்துப் பெயர் சொல்லுகிறார். தாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்பது அவன் வேண்டுகோள்.

நேயர்கள் நகைக்கலாம். வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரைக் கேட்பதா என்று என் இல்லத்திலும் நகைத்தார்கள். ஆயினும் கேள்வி பௌதிகக் கேள்விதான். அதைப் பிடித்துக்கொண்டு போனபோது, நம் தேச சரித்திரத்தின் ஒரு மூலை வெளிச்சமாயிற்று. ஆகையால் அவனுக்கு எழுதிய பதிலை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

தோட்டா என்பது நான்கு உறுப்புக்கள் சேர்ந்தது: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் நெருப்புப் பொறி கக்கும் கேப்பு, கூட்டுக்குள் மருந்து, வாயில் செருகிய குண்டு. குண்டின் நிறையை 'கிரெய்ன்' என்னும் பழைய நிறுவையில் சொல்வது வழக்கம். மானுக்குச் சாதாரணமாய் உபயோகிக்கும் 150 கிரெய்ன் குண்டு நம் வீட்டுக் கணக்கில் ஒன்றே கால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. தங்க நகையில் ஒரு மோதிரத்துக்குப் போதுமான அந்த நிறை, வினாடிக்கு 850 மீட்டர் வேகத்தில், அதாவது சப்தத்தைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் புறப்படுகிறது. வேகத்தின் வர்க்கத்தை நிறையால் பெருக்கிப் பாதியாக்கினால் சக்தி கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். போட்டுப் பார்த்தால், 75 கிலோ நெல் மூட்டை ஒன்றைப் பதினைந்து அடி உயரம் தூக்குகிற வேலை அந்தச் சிறு குண்டில் அடங்கியிருக்கிறது.

இனிக் 'குட்டை' என்றது என்ன? கதவுத் தாழ்ப்பாளைப்போல் முன்னும் பின்னும் தள்ளப்படுகிற போல்ட்டு ஒன்று ரைபிளில் இருக்கிறது. சுட்ட கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளுவது அதன் தொழில். தோட்டா எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்குத் தாழ்ப்பாளும் பின்னே வர வேண்டும். அமெரிக்கர் 1906-ஆம் வருஷம் ஏற்படுத்திய .30-06 என்னும் தோட்டாவின் கூடு 63 மில்லிமீட்டர் நீளம். 1952-ல் வின்செஸ்டர் கம்பெனியார் வெளியிட்ட .308 என்பதன் கூடு 51 மில்லிமீட்டர்தான். மருந்து செய்யும் வித்தை இடையில் முன்னேறியதால், சிறிய கூட்டிலேயே ஏறக்குறைய அதே வேகத்தைப் பெற முடிந்தது. வித்தியாசம் வினாடிக்கு முப்பது மீட்டருக்குள்தான். இந்த 51 மில்லிமீட்டர்க் கூட்டின் அளவுக்கு அமைந்த யந்திரமே குட்டை வகை. துப்பாக்கியின் நிறை சிறிது குறையும். கை தள்ளும் தூரம் சிறிது குறையும். இதற்குமேல் இதில் மாயம் ஒன்றும் இல்லை. கடைக்காரர்கள் இருப்பதாகச் சொல்லுவார்கள்.

அந்த .308 கூட்டின் கழுத்தைச் சுருக்கியும் விரித்தும் ஒரு வம்சமே தோன்றிவிட்டது. அதில் 1980-ல் ரெமிங்டன் கம்பெனியார் வெளியிட்ட 7 மில்லிமீட்டர்-08 என்பதைத்தான் பிள்ளைக்குச் சிபாரிசு செய்தேன். 2007-ல் வந்த 6.5 கிரீட்மோருக்கு இப்பொழுது அங்கே மோகம் அதிகம், அதுவும் மட்டமன்று. ஆனால் ஏழு மில்லிமீட்டருக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. நம் குமாவோன் மலைகளில் ஆட்கொல்லிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட், சம்பாவத்துப் புலியைக் கொன்ற பிறகு 1907-ல் பரிசாகப் பெற்ற ரிக்பி ரைபிளும் அதே ஏழு மில்லிமீட்டர்தான். ருத்ரப்பிரயாகையின் சிறுத்தை 1926-ல் அந்த ரைபிளுக்கு இரையாயிற்று. கார்பெட்டின் தோட்டாக் கூடு 57 மில்லிமீட்டர். அது செய்த வேலையை இன்று 51 மில்லிமீட்டர்க் கூடு செய்துவிடுகிறது. உதைப்பும் மிதமாகவே இருக்கும். உதைப்பு மிகுந்த துப்பாக்கியைக் கையிலெடுத்தவன், குதிரையை இழுக்கும் சமயத்தில் தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொள்ளுகிறான். குண்டு மானின் தொடையில் பட்டால், அது பிழைக்கவும் மாட்டாமல் சாகவும் மாட்டாமல் இரண்டு நாள் புதருக்குள் கிடக்கும். கொல்லுவதென்று துணிந்துவிட்டவன், ஒரே அடியில் கொல்லக் கடமைப்பட்டவன். ஆகையால் தோட்டாவின் பெயரைக் காட்டிலும் குண்டின் அமைப்பே முக்கியம் என்றும் எழுதினேன். முனையில் ஈயம் வெளியே தெரியும் மெத்தென்ற குண்டு, உடலுக்குள் புகுந்ததும் காளானைப்போல் விரிந்து உடனே உயிரைப் போக்கும்.

இந்த விரியும் குண்டுக்கு உலகத்தார் வழங்கும் பெயர் 'டம்டம்'. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில் 1896-ஐ ஒட்டிப் பட்டாளத்துக்காகச் செய்யப்பட்டது. மனிதர்மீது இதைப் பிரயோகிப்பது கொடுமை என்று 1899-ல் ஹேக் நகர மகாநாட்டில் யுத்தத்திலிருந்து விலக்கினார்கள். யுத்தத்தில் கொடுமையானது வேட்டையில் கருணையாகிறது! காரணம் வேறொன்றும் இல்லை. போர்வீரனைக் காயப்படுத்தினால் போதும். மிருகத்தை அப்படி விட்டுவிடலாகாது.

நிற்க. அமெரிக்காவில் இருக்கிற பிள்ளை, 'எந்த மிருகம், எவ்வளவு தூரம், என் தோள் எவ்வளவு தாங்கும்' என்று மூன்று கேள்விகளைக் கேட்டுத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் இந்தக் கேள்விகளை முதலிற் கேட்டவர் யாரும் இல்லை. இங்கே முதற்கேள்வி, 'இந்தத் தோட்டா பட்டாளத்துத் துப்பாக்கியில் நுழையுமா?' என்பதே. கேட்டவர் சர்க்கார்.

அதற்கு மூலம் 1857. கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாவைப் பற்றிய முணுமுணுப்பு முதலில் எழுந்ததும் அதே டம்டமில்தான். கலகம் அடங்கியபின் சிப்பாய்களுக்குக் கொடுத்த துப்பாக்கிகளின் குழாயைப் பிரிட்டிஷார் வழவழப்பாக்கினார்கள். குழாயின் உட்புறத்தில் திருகு வரி இருந்தால்தான் குண்டு சுழன்று நேரே தொலைதூரம் போகும். வரி இல்லாவிட்டால் நூறு கஜத்துக்கு அப்பால் தெய்வாதீனம். வெள்ளைப் பட்டாளத்தின் கையில் வரியுள்ள குழாய், நம்மவர் கையில் வழவழக் குழாய்! 1878-ல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்சு வேண்டும். ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு.

அதன் பின் நடந்ததுதான் வேடிக்கை. யானைக்கும் காட்டெருமைக்கும் ஏற்றதென்று 1898-ல் ரிக்பி கம்பெனியார் .450 அங்குலத் தோட்டா ஒன்றை வெளியிட்டிருந்தார்கள். பட்டாளம் கழித்துவிட்ட மார்ட்டினி-ஹென்ரி துப்பாக்கிகள் அதே .450 அங்குல வகை. அவை சூடானிலும் இந்தியாவிலும் கலகக்காரர் கைக்குப் போயிருந்தன. வேட்டைத் தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கி அதில் போட்டுவிடுவார்களோ என்று அஞ்சி, 1907-ஐ ஒட்டி .450 அங்குலத் தோட்டாவை இந்தியாவில் இறக்குமதி செய்யக்கூடாதென்று தடை செய்தார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470, .475, .476 என்று வரிசையாகப் புதுத் தோட்டாக்கள் பிறந்தன. அங்குலத்தில் நூற்றில் இரண்டு பங்கு வித்தியாசம் யானைக்குத் தெரியாது. சுங்கக் கச்சேரிக்குத் தெரியும்.

பட்டாளத்தின் .303 தோட்டாவையும் ஜனங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கூடு ஏறக்குறைய அடங்கும் யந்திரத்தில் வேறு எதைப் போடலாம் என்று தேடியபோது, ஆஸ்திரிய தேசத்துப் பட்டாளத்தின் எட்டு மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டா அகப்பட்டது. அதற்கு அங்குலக் கணக்கில் .315 என்று பெயரிட்டார்கள். இன்றைக்கு நம் நாட்டில் லைசென்சு பெற்றவர் சாதாரணமாய் வைத்திருக்கும் ரைபிள் இதுவே. பார்த்தீர்களா? கார்பெட்டின் ஏழு மில்லிமீட்டரோ ஜெர்மானிய மௌஸர் தோட்டா. தென்னாப்பிரிக்காவில் போயர்கள் பிரிட்டிஷாரைச் சுட்டது அதனால்தான். அந்நியப் பட்டாளத்துத் தோட்டாக்களுக்கெல்லாம் தடை இல்லை. தங்கள் கிடங்கிலிருந்து திருட்டுப்போகக்கூடிய தோட்டாவுக்கு மட்டும் தடை. சிறைச்சாலைக் காவலர்களுக்கும் போலீஸாருக்கும் .410 அங்குல வழவழக் குழாய்த் துப்பாக்கி கொடுத்ததும் இந்தப் புத்தியால்தான். .303 ரைபிளையே திருத்தி, .303 கூட்டின் கழுத்தைச் சுருக்காமல் விட்டு அதற்குத் தோட்டாவும் செய்தார்கள். சொந்தக் காவலரையே நம்பாத சர்க்கார் அது.

ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம் என்று 1918-ல் காந்தியடிகள் ஆயுதச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன் அவர் வைஸ்ராய்க்கு முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் கடைசியானது, தற்காப்புக்கு ஜனங்களின் மேற்பார்வைக்கு உட்பட்டுத் துப்பாக்கி லைசென்சு கொடுக்க வேண்டும் என்பது. அஹிம்சையைப் போதித்தவர் இதைக் கேட்டதில் முரண் இருப்பதாகச் சிலர் சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயுதம் இருந்தும் எடுக்காதிருப்பதுதானே அஹிம்சை?

சுதந்திரம் வந்தபின் 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் ஏற்பட்டது. நிறத்தைப் பார்த்து விலக்களிப்பது ஒழிந்தது. ஆனால் தோட்டாவைப் பற்றிய பழைய கேள்வி ஒழியவில்லை. 1962-ல் வகுத்த விதிகளின்படி, பட்டாளத்தின் .303 அல்லது 7.62 மில்லிமீட்டர்த் தோட்டா நுழையக்கூடிய எந்த ரைபிளும் தடை செய்யப்பட்ட வகை. 2016-ல் புதிய விதிகள் வந்தும் இந்தப் பாகுபாடு நீங்கவில்லை. 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவும் மேலே சொன்ன குட்டைத் தோட்டா .308-உம் ஏறக்குறைய ஒன்றே. சீன யுத்தத்துக்குப் பின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையார் பழைய லீ-என்ஃபீல்டு யந்திரத்தை இந்தக் குட்டைத் தோட்டாவுக்கென்று திருத்தி நம் பட்டாளத்துக்கும் போலீஸுக்கும் ரைபிள் செய்தார்கள். ஆகவே சாமான்யனுக்கு .308 கூடாது, அதே பருமனுள்ள குண்டை அதைவிட வேகமாய் எறியும் நீண்ட.30-06 கூடும்! வலிமை குறைந்ததற்குத் தடை, மிகுந்ததற்கு அனுமதி. விஷயம் தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும். பட்டாளத்துத் தோட்டா களவுபோய் விலையாகாமல் காப்பது எந்தச் சர்க்காருக்கும் நியாயமே என்பது என் அபிப்பிராயம். அந்நியர் பயத்தால் செய்ததை நம்மவர் பொறுப்பால் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காரணத்தை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

வேட்டைக்கென்று தோட்டா தேடும் தேவையும் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு தீர்ந்துவிட்டது. சட்டம் விட்டுவைத்த சந்து சிறிது. ஆளைக் கொல்லும் மிருகத்தை உத்தரவின்பேரில் கொல்லலாம். நீலகிரியில் தொட்டபெட்டாவுக்கு அருகே 2014-ல் ஒரு புலியைச் சுட நேர்ந்தது. 2021-ல் மசினகுடிப் பக்கத்துப் புலியை மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள்.

நம் கடலூர் ஜில்லாவில் புலி ஏது? மணிலாக் கொல்லையையும் கரும்பையும் உழுதுபோடுகிற காட்டுப்பன்றிதான் இங்கே வழக்கு. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை வனத்துறையாரே சுடலாம் என்று 2025-ல் தமிழக அரசினர் அறிவித்தார்கள். 'எங்களிடமே துப்பாக்கியைக் கொடுத்தால் என்ன?' என்று குடியானவர் கேட்பது இயல்பு. அவர் நஷ்டம் அவருக்குத்தான் தெரியும். ஓர் இரவில் நாலு மாதப் பாடு போய்விடுகிறது. ஆயினும் இங்கேதான் தோட்டாவின் கணக்கு குறுக்கே நிற்கிறது. ரைபிள் குண்டு தவறினால் மூன்று நான்கு கிலோமீட்டர் வரையிற் போகும். வெள்ளாற்றங்கரையில் நின்று எந்தத் திக்கில் நோக்கினாலும் அந்தத் தூரத்துக்குள் ஒரு ஊர், ஒரு பள்ளிக்கூடம், ஆலைக்குக் கரும்பேற்றிப் போகும் வண்டி இருக்கும். குறுக்கே நிற்க ஒரு குன்றுகூடக் கிடையாது. பன்னிரண்டு போர் துப்பாக்கியின் பெரிய ரவைகளோ சில நூறு கஜத்தில் ஓய்ந்துவிடும். பன்றியை முப்பது நாற்பது கஜத்தில் வீழ்த்த அவை போதும். நம் சமவெளிக்கு அதுவே ஏற்றது.

ரைபிள்தான் என்றால், சுடுகிறவர் தரையில் நிற்கலாகாது. கொல்லைக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் பரண் போட்டு, பன்றி அருகே வரும்வரை பொறுத்திருந்து, கீழ்நோக்கிச் சுட வேண்டும். தவறிய குண்டு அப்பொழுது வரப்பு மண்ணிலேயே புதைந்துபோகும்.