திருச்சபைக்கு யாப்பு எதற்கு?

“அன்பைப் போதிக்கும் கிறிஸ்தவ திருச்சபைக்கு யாப்பு எதற்கு, ஐயா?” என மாணவனொருவன் வினவினான்.

1947 செப்டெம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அதில் இணைந்த அங்கிலிக்கன் சபையினர் அத்தியட்சரின் கீழ் வாழ்ந்தவர். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் வழிவந்தோரோ அப்பதவியின்றியே சபை நடத்தியவர். முன்னவர் விரும்பியவாறு அத்தியட்சர் பதவி ஏற்கப்பட்டது. பின்னவரின் அச்சம் நீங்க, அவர் தெரிவு செய்யப்படுபவராகவும் யாப்புக்கு அடங்கியவராகவும் இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. குருமாரோடு சபைமக்களும் ஆலோசனை மன்றங்களில் இடம்பெற்றனர்.

யாப்பு என்றால் கட்டு. அது பக்தியைக் கட்டுவதன்று, பதவியைக் கட்டுவது. நல்லவர் ஆளும் நாளில் அதன் அருமை தோன்றாது. பிணக்கு எழும் நாளிலேயே தோன்றும். கோயில் வழக்குகளால் நொந்த சைவர்களாகிய நாமும் இதனைச் சிந்தித்தல் நன்று.