செத்தவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை புனேயிலிருந்து லோனாவாலா போகிற வழியில் ஜூனியர் ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, உன்னோட பழைய மைக்கேல் ஜாக்சன் சிடில 10 பாட்டு இருக்கு. போன்ல அதே ஆல்பத்துல 7 தான் வருது. மிச்சம் மூணு எங்க?"

"கிளப்பி விட்டுட்டியா? இனி லோனாவாலா வர்ற வரைக்கும் இதுதான்" என்றாள் தங்கமணி. வீட்டில் பாதிதான் காது கொடுத்தார்கள், அதனால் மீதியை இங்கே கொட்டுகிறேன்.

ஜாக்சன் இறந்தது ஜூன் 25, 2009. அடுத்த வருஷம் டிசம்பரில் 'மைக்கேல்' என்ற ஆல்பத்தை சோனி வெளியிட்டது. அதில் 'பிரேக்கிங் நியூஸ்', 'மான்ஸ்டர்', 'கீப் யுவர் ஹெட் அப்' மூன்றும் 2007-ல் நியூஜெர்சியில் ஒரு நண்பர் குடும்பத்தோடு அவர் தங்கியிருந்தபோது அந்த வீட்டு ஸ்டூடியோவில் பாடியவை என்று சொன்னார்கள். நவம்பரில் 'பிரேக்கிங் நியூஸ்' முன்னோட்டமாக வந்ததுமே சண்டை ஆரம்பம். "இது அவர் குரலே இல்லை" என்று ரசிகர்களில் பாதிப்பேர் கொதித்தார்கள். அக்கா லா டோயாவும் அவர் குரல் மாதிரி இல்லை என்றார்.

சும்மா கத்தவில்லை அவர்கள். சுரத்தை நீட்டும்போது குரல் அதிர்கிற வேகம் வேறு, சொல்லை முடிக்கிற விதம் வேறு, மூச்சையும் இடையில் வரும் கூவலையும் மட்டும் பழைய பாட்டிலிருந்து வெட்டி ஒட்டின மாதிரி இருக்கிறது என்று துண்டு துண்டாகப் போட்டுக் காட்டினார்கள். ஜாக்சனின் சொத்துக்களை நிர்வகிக்கும் எஸ்டேட்டின் வக்கீலோ, அவரோடு வேலை பார்த்த தயாரிப்பாளர்களையும் ஒலிப்பதிவாளர்களையும் கேட்க வைத்தோம், இசை நிபுணர்களை வைத்துச் சோதித்தோம், அவர்தான் என்றார்கள் என்று சொன்னார்.

குரல் யாருடையது என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. என் கோபம் வேறு இடத்தில். இத்தனை சந்தேகம் இருந்தும் அட்டையில் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரிகூட இடம் கொடுக்கவில்லை. ஜாக்சன் பாடியது என்று அடித்துச் சொல்லித்தான் விற்றார்கள்.

2014-ல் கலிஃபோர்னியாவில் ஒரு ரசிகை வழக்குப் போட்டார். 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சோனி, எஸ்டேட் பக்கம் தீர்ப்பு சொன்னது. காரணத்தைக் கேளுங்கள். பாடியது யார் என்று விற்றவர்களுக்கே நேரடியாகத் தெரியாதாம். அதனால் அட்டையில் எழுதியது வெறும் விற்பனை வாசகம் இல்லையாம், பொது விவாதத்தில் சொன்ன கருத்து மாதிரியாம். நம்ம ஊர் நெய்க்கடைக்காரர் 'சுத்தமான பசு நெய்' என்று போர்டு வைத்துவிட்டு, கேள்வி கேட்டால் 'அது என் அபிப்பிராயம் சார்' என்று சொன்னால் விடுவோமா?

ரசிகர்களும் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. 2018-ல் "போலி என்று சோனியே ஒத்துக்கொண்டது" என்று ஒரு செய்தி பறந்தது. அது பொய். வாதத்துக்காக 'அவர் பாடவில்லை என்றே வைத்துக்கொண்டாலும்' என்று நீதிமன்றத்தில் பேசியதை ஒப்புதல் வாக்குமூலமாக்கிப் பரப்பினார்கள். உண்மை வேண்டும் என்று கேட்கிறவன் முதலில் உண்மை பேசணும்.

ஆகஸ்ட் 2022-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. பொருளை விற்க எழுதியது வணிகப் பேச்சுதான், 'எனக்குத் தெரியாது' என்பது கேடயம் ஆகாது என்றது. ஆனால் அதே மாதம் இரண்டு தரப்பும் சமரசம் ஆகிவிட்டன. பாடியது யார் என்று கடைசி வரை எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிவு சொல்லவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மூன்று பாட்டையும் இணையத்திலிருந்து தூக்கினார்கள். குரலின் உண்மைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, இந்தப் பேச்சு ஓயட்டும் என்றுதான் தூக்கினோம் என்று விளக்கம் வேறு. ஓயுமா?

"பாட்டு நல்லா இருந்தா போதாதா? நம்ம ஹீரோவே கடன் குரல்லதானே பாடறார்?" என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். பாடறார்தான். ஆனா கேசட் அட்டையில் டிஎம்எஸ் பேரும் எஸ்பிபி பேரும் இருந்ததே சார்! ஜான் லெனன் விட்டுப்போன பழைய டேப்பிலிருந்து கணினி வைத்து அவர் குரலைப் பிரித்தெடுத்து 2023-ல் பீட்டில்ஸ் பாட்டு வந்தது. எப்படிச் செய்தோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களைச் செயற்கை நுண்ணறிவில் ஏ.ஆர்.ரஹ்மான் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி சம்பளமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அது சரியா என்று சண்டை போடலாம். ஆனால் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து சண்டை போடுகிறோம்.

இதெல்லாம் பாட்டுக்காரர்கள் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். போன வருஷம் பாளையங்கோட்டையில் அம்மாவின் 70-வது பிறந்தநாள். அப்பா போய் மூன்று வருஷம். தங்கச்சி பையன், தாத்தா அனுப்பின வாட்ஸப் குரல்களை வைத்து ஏதோ ஒரு ஆப்பில் அவர் பேசுகிற மாதிரி ஒரு வாழ்த்து தயார் பண்ணி, சொல்லாமல் கொள்ளாமல் போட்டுவிட்டான். நான் இங்கே வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "கொரலு அவுகதாம்ல. ஆனா இது அவுக இல்ல. என்னை ஒருநாளும் பேரு சொல்லிக் கூப்ட்டது கெடையாது. 'ஏளா'ன்னுதான கூப்பிடுவாக."

பையன் உண்மையைச் சொன்னான். அம்மா திட்டவில்லை. "மொதல்லயே சொல்லிட்டுப் போட்டிருக்கலாம்லா. ஒரு நிமிசம் நெசம்னுல்லா நெனச்சுட்டேன்" என்றாள்.

அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இந்தப் பதிவு. உயிரோடு இருக்கிறவர் என்றால் 'அது நானில்லை' என்று மறுத்துவிடுவார். செத்தவருக்கு அந்த வழி இல்லை. அதனால் நிரூபிக்க வேண்டியது கேட்கிறவன் இல்லை, விற்கிறவன். யார் பாடியது, எது ஒட்டு வேலை, எது கணினி என்று அட்டையில் எழுது. சந்தேகம் இருந்தால் அதையும் எழுது. திரும்ப எடுத்தால் ஏன் என்று சொல்லு. இதைக் கேட்டால் ரசிகனுக்குப் பைத்தியமாம்!

வீடு திரும்பியதும் ஜூனியர் கேட்டான். "அப்போ அந்த சிடியைத் தூக்கிப் போட்டுடவாப்பா?"

"வேண்டாம்டா. அட்டையோட பத்திரமா வை" என்றேன்.