நாண் என்றால் கயிறு

வில் பிடிக்கத் தொடங்கி ஒரு வருஷம் முடிந்தபோது என் இடது மார்பில், அக்குளுக்குச் சற்று முன்னால், ஒரு விரல் நீளத்துக்குக் கன்றிப்போன தடம் இருந்தது. நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும், மஞ்சள் மறைவதற்குள் மறுபடி நீலமாகும். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வில்லைப் பிடுங்கி வைத்துவிடுவாள். பி.டி. சாரிடம் சொல்ல வழியே இல்லை. அந்த இடத்தின் பெயரை ஒரு மாணவி ஓர் ஆண் ஆசிரியரிடம் எந்த வார்த்தையால் சொல்வாள்? ஒருநாள் மட்டும், "சார், நாண் அடிக்குது" என்றேன்.

"எங்க?"

"இங்க" என்று முழங்கையைக் காட்டினேன்.

"ஆர்ம் கார்டை இறுக்கிக் கட்டு" என்றார்.

வில்வித்தையில் உடம்பைக் காக்க மூன்று சாமான்கள் உண்டு. நாணை இழுக்கிற விரல்களுக்குத் தோல் டேப். வில் பிடிக்கிற கைக்கு ஆர்ம் கார்டு. மார்புக்குச் செஸ்ட் கார்டு. மூன்றாவது, வலைத்துணியும் பட்டையும் சேர்த்துத் தைத்த ஓர் எளிய பொருள். ஒரு பக்க மார்பை மூடித் தோளைச் சுற்றி மாட்டிக்கொள்வது. சில நூறு ரூபாய்தான் ஆகும். அது பெண்களுக்கென்று செய்யப்பட்டதும் இல்லை. ஒலிம்பிக் ஆண்கள் போட்டியைப் பாருங்கள், பாதிப் பேருக்கு மேல் மாட்டியிருப்பார்கள். சட்டைத் துணியை உடம்போடு அழுத்திப் பிடித்து, நாண் போகிற வழியிலிருந்து விலக்கி வைப்பதுதான் அதன் முதல் வேலை. அடி படாமல் காப்பது கூடுதல் லாபம்.

எங்கள் பள்ளியில் எட்டு ஆர்ம் கார்டுகள் இருந்தன. டேப் ஒரு டப்பா நிறைய இருந்தது. செஸ்ட் கார்டு ஒன்றுகூட இல்லை. அப்படி ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. சாருக்குத் தெரியாமல் இருக்கும் என்று ரொம்ப நாள் நம்பினேன். பிறகுதான் விளையாட்டு அறைச் சுவரில் தொங்கிய பழைய போட்டோவை உற்றுப் பார்த்தேன். இளைஞராக, மீசை அரும்பிய முகத்தோடு, வில்லை முழுசாக இழுத்தபடி நிற்கிறார் சார். மார்பில் செஸ்ட் கார்டு.

அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எங்கள் பஸ் காசைப் பலமுறை தன் பையிலிருந்து கொடுத்தவர் அவர். பெண்களுக்கும் வில் கற்றுத் தருவேன் என்று தலைமையாசிரியரோடு சண்டை போட்டவர். அப்படிப்பட்ட மனிதரின் வாயையும் கட்டிப்போடுகிற அளவுக்கு அந்த ஒரு சொல்லுக்கு நம் ஊரில் பலம் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். விரல் என்பார், மணிக்கட்டு என்பார், தோள்பட்டை, முதுகெலும்பு, இடுப்பு எல்லாம் சொல்வார். கழுத்துக்குக் கீழே வந்ததும் பாடம் ஒரு தாவு தாவி வயிற்றுக்குப் போய்விடும். நடுவில் இருக்கிற இடம் எங்கள் உடம்பிலேயே இல்லாதது போல.

இல்லாத இடத்தில்தான் அடி விழுந்துகொண்டிருந்தது.

அடி விழுந்தால் உடம்பு தானாக ஒரு வழி கண்டுபிடிக்கும். நான் நாணை விடுகிற கணத்தில் மார்பை உள்ளே வாங்கி, முதுகைக் கூனி, நாணுக்கு வழிவிடக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரவேண்டிய அவசியமும் இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து தெருவில் அப்படித்தானே நடக்கிறோம்? புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தோளை முன்னால் மடித்து. வயதுக்கு வந்த அடுத்த மாதமே பாட்டி சொல்லிவிட்டாள், "நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்காத பாப்பா." வில்லோ நேர் எதிரானதைக் கேட்கிறது. தோள் இறங்க வேண்டும், நெஞ்சு விரிய வேண்டும், பின்னால் இரண்டு தோள்பட்டை எலும்புகளும் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். இழுவையின் பாரத்தைக் கை தாங்கக் கூடாது, முதுகு தாங்க வேண்டும். பாட்டி சொன்ன உடம்போடு வில் எய்யவே முடியாது. எய்தால் அம்பு இடதுக்கும் வலதுக்கும் அலையும். என்னுடையது அலைந்தது. "கவனம் பத்தல" என்பார் சார். கவனமெல்லாம் இருந்தது. அம்பு மேல் இருக்கவேண்டிய கவனம் அடி மேல் இருந்தது.

இந்த நிலையில்தான் மண்டல அளவிலான பள்ளிப் போட்டிக்குப் போனோம். நான்கைந்து மாவட்டங்களிலிருந்து வந்திருந்தார்கள். பெரிய கல்லூரி மைதானம். மாணவர்களுக்குக் காலையில் போட்டி, எங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு. காலையில் ஆடாத கொடிகளெல்லாம் மதியம் படபடக்கத் தொடங்கியிருந்தன. மாணவிகளை ஏன் மதியத்துக்கு வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எப்போதும் அப்படித்தான். கழிப்பறையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். விட்டுவிடுகிறேன்.

உடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் பெண்களுக்குச் சுடிதாருக்கு மேல் ஓவர்கோட். மைதானத்திலும் அதுவே. கூட வந்த மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "வெளியூர்ல நாலு பேர் பாக்கற இடம். கோட்டைக் கழட்டினா லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடுவேன்." இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன், தொளதொளவென்ற கோட். நாணைத் தாடை வரைக்கும் இழுத்து நிறுத்துகிற ஒருத்தியின் உடம்பில் இதைவிட மோசமாக எதையும் தொங்கவிட முடியாது.

முப்பது மீட்டர் தூரம், மூங்கில் வில், ஆறு ஆறாக முப்பத்தாறு அம்புகள். இரண்டு விசில் அடித்தால் கோட்டுக்கு வர வேண்டும். ஒரு விசில், எய்யலாம். மூன்று விசில், போய் அம்பு எடுக்கலாம். முதல் ஆறும் சுமாராகப் போயின. இரண்டாவது ஆறில் ஐந்து அம்புகள் மஞ்சளிலும் சிவப்பிலும். ஆறாவதை விட்டபோது காற்றில் உப்பியிருந்த கோட்டின் மடிப்பை நாண் கவ்விக்கொண்டது. துணி கிழிகிற சத்தம் கேட்டது. அம்பு தள்ளாடிப் பத்தடிக்கு அப்பால் புல்லில் குத்தி விழுந்தது. கோட்டிலிருந்து மூன்று மீட்டருக்குள் விழுந்தால் அது எய்ததாகக் கணக்கில்லை, இன்னோர் அம்பு எய்துகொள்ளலாம். என்னுடையது அந்தக் கோட்டைச் சற்றுத் தாண்டிக் கிடந்தது. தாளில் எம் என்று எழுதினார்கள். மிஸ். பூஜ்யம்.

திரும்பி வந்தபோது அழுகை தொண்டையில் இருந்தது. வேறொரு பள்ளிப் பெண், என் இலக்கிலேயே எனக்கு முந்தைய அணியில் நின்று எய்தவள், என் கோட்டைப் பார்த்தாள். "செஸ்ட் கார்டு இல்லியா உனக்கு?" என்றாள். என்னது என்று கேட்டேன். தன் தோளிலிருந்து கழற்றிக் காட்டினாள். காட்டியதோடு நிற்காமல் என் கோட்டுக்கு மேலேயே இறுக்கி மாட்டிவிட்டாள். ஒரு இலக்கில் இரண்டு அணி மாறி மாறி எய்வோம். அவள் எய்து முடித்துக் கழற்றித் தருவாள், நான் மாட்டி எய்து கழற்றித் தருவேன். மீதி நான்கு சுற்றும் ஒரே செஸ்ட் கார்டில் இருவரும் எய்தோம். எதிராளிகள் நாங்கள்.

முதல்முறையாக நெஞ்சை நிமிர்த்தி நாணை விட்டேன். வலிக்கவில்லை. அம்பு போன இடம் ஒன்பது. இது இவ்வளவு சுலபமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் 247. மூன்றாவது வந்தவள் 250. முதல் மூன்று பேருக்குத்தான் மாநிலப் போட்டி. அந்த மூன்றாவது, எனக்குச் செஸ்ட் கார்டு கொடுத்தவள். வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனால் அந்த மூன்று புள்ளியை என்னிடமிருந்து எடுத்தது அவளில்லை, காற்றுமில்லை. ஒரு கோட்டும் ஒருவராலும் உச்சரிக்க முடியாத ஒரு சொல்லும்.

தமிழில் நாண் என்ற சொல்லுக்கு வில்லின் கயிறு என்றும் பொருள், வெட்கம் என்றும் பொருள். ஆணுக்கு முதலாவதையும் பெண்ணுக்கு இரண்டாவதையும் கொடுத்தார்கள். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நான்கை நமக்கு வரிசையாக ஒப்பித்தவர்கள் நம் புருவத்தை வில் என்று பாடினார்கள், கையில் ஒன்றைத் தந்ததாகத் தெரியவில்லை. சீதைக்கும் திரௌபதிக்கும் கல்யாணத்தில் வில் வருகிறது. எய்கிறவன் ஒருவன், பரிசு அவள்.

எய்கிற பெண்ணைக் கதை சொன்னாலும் அவள் மார்பில் கைவைக்காமல் விடவில்லை. கிரேக்கர்கள் அமேசான்கள் என்ற பெண் வீரர்களைப் பற்றிச் சொன்னார்கள். வில் இழுக்க இடைஞ்சல் என்று வலது மார்பை அறுத்துக்கொண்டார்களாம். அந்தப் பெயருக்கே 'மார்பற்றவர்' என்று அர்த்தம் கற்பித்தார்கள். ஆனால் அதே கிரேக்கர்கள் ஜாடிகளில் வரைந்த, கல்லில் செதுக்கிய அமேசான்களுக்கு இரண்டு மார்பும் இருக்கின்றன. நம் மதுரைக் கதை இன்னும் நுட்பமானது. திருவிளையாடற் புராணத்தில் தடாதகை மூன்று மார்போடு பிறக்கிறாள். ஆண்பிள்ளைபோல் வளர்ந்து, படைக்கலம் பயின்று, முடிசூடி, திசையெல்லாம் வென்று கயிலை வரை போகிறாள். அங்கே கணவனாக வரப்போகிறவனைக் கண்டதும் மூன்றாவது மார்பு மறைகிறது. அவள் நாணித் தலைகுனிகிறாள். போர் அத்தோடு முடிந்தது. வில் பிடிக்கிற பெண்ணின் மார்பு அங்கே குறைய வேண்டும், இங்கே மறைய வேண்டும். அது இருந்தபடியே இருந்து, அவளும் எய்துகொண்டே இருப்பது இவர்கள் கற்பனைக்கு எட்டவில்லை. ஒரு துண்டு வலைத்துணி போதும் என்று நம் ஊர்த் தையல்காரர் எவரும் சொல்லியிருப்பார்.

(இன்னொன்று. ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய குருவின் பெயரில்தான் 1985 முதல் இந்த நாடு பயிற்சியாளர்களுக்கு விருது கொடுக்கிறது. யாரிடமிருந்து எதைப் பறித்தாலும் குரு குருதான் போலிருக்கிறது.)

பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு, எப்படியும் ஆண்கள் அளவுக்கு வராது என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒலிம்பிக்கில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 70 மீட்டர், ஒரே 122 சென்டிமீட்டர் இலக்கு, தரவரிசைச் சுற்றில் ஒரே 72 அம்புகள். 2024 பாரிஸில் தென் கொரியாவின் லிம் சி-ஹியோன் 694 புள்ளிகள் எடுத்தார். ஆண்களில் முதலாவதாக வந்த கிம் ஊ-ஜின் எடுத்தது 686. ஆண்களின் உலக சாதனை அப்போதே 702 என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏமாற்றியதாகும். ஆனால் அந்த ஊரில், அந்த நாளில், எந்த ஆணும் அவளைத் தொடவில்லை.

வென்றுவிட்டால் மட்டும் விட்டுவிடுவார்களா? 2021இல் டோக்கியோவில் அதே கொரியாவின் ஆன் சான் மூன்று தங்கம் வாங்கினார். சொந்த நாட்டு ஆண்களில் ஒரு கூட்டம் அவருடைய வெட்டிய முடியைப் பிடித்துக்கொண்டது. முடி குட்டையாக இருப்பதால் பெண்ணியவாதியாம், பதக்கத்தைப் பிடுங்க வேண்டுமாம். நாண் தாடையைத் தொடுகிற விளையாட்டில் முடி எங்கே இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. அதே மாதம் ஐரோப்பாவில் கடற்கரை ஹேண்ட்பால் போட்டியில் நார்வேப் பெண்கள் பிகினி அணியாமல் அரைக்கால் சட்டை போட்டார்கள் என்று 1,500 யூரோ அபராதம். அங்கே துணி அதிகம் என்று தண்டனை, இங்கே குறைந்தால் பெயர் நீக்கம். இரண்டு இடத்திலும் அளவு நாடாவைப் பிடித்திருப்பவர் விளையாடுகிறவர் இல்லை.

மிஸ்ஸிடம் இதையெல்லாம் பல வருஷம் கழித்துப் பேசினேன். அவர் சொன்னது லேசில் தள்ளிவிடக்கூடியதில்லை. "அந்தக் கோட் இல்லேன்னா உங்க அம்மா உன்னை பஸ் ஏத்தியிருப்பாங்களாடீ? நாலு பொண்ணுங்க வந்தீங்க. கோட் வேண்டாம்னு நான் சொல்லியிருந்தா ஒருத்திகூட வந்திருக்க மாட்டீங்க." உண்மைதான். அம்மா அனுப்பியிருக்க மாட்டாள். பெண் பிள்ளையை மைதானத்துக்குக் கொண்டுவர ஆசிரியைகள் வீட்டு வாசலில் என்னென்ன சத்தியம் செய்து தருகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் மிஸ், அன்றைக்கு வேலிக்கு வெளியே நின்று போனில் படம் எடுத்த இரண்டு பையன்களை யாரும் வெளியே அனுப்பவில்லை. நீங்களும் பார்த்தீர்கள், நடுவரும் பார்த்தார். பார்க்கிறவனுக்கு ஒரு விதியும் இல்லை. எல்லா விதியும் பார்க்கப்படுகிறவளுக்கு. கோட் அம்மாவுக்காக என்றால், சரி, அதன் மேல் ஒரு செஸ்ட் கார்டு மாட்டுவதில் எந்த அம்மாவின் மானம் போகும்? அதைக்கூட நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் பெண். உங்களிடம்கூட அந்தச் சொல் வரவில்லை. கையில் அடி என்றால் மருந்து தடவிவிட்டிருப்பீர்கள்.

மிஸ் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு யாருடீ சொன்னாங்க?" என்றார். அவர் பள்ளி நாளில் குண்டு எறிந்தவர். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

போட்டி முடிந்து ஊர் திரும்பிய வாரம், அடுத்த வருஷத்துக்கு வாங்கவேண்டிய சாமான்களின் பட்டியலை எழுதச் சொல்லி சார் என்னிடம் நோட்டைக் கொடுத்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார். முதல் வரியில் எழுதினேன்: செஸ்ட் கார்டு, பன்னிரண்டு. பிறகுதான் அம்பு, நாண், இலக்குத் தாள் எல்லாம். சார் பட்டியலை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துச் சரிபார்ப்பது வழக்கம். அன்று இரண்டாவது வரியிலிருந்து வாசித்தார்.

"சார், முதல் வரி" என்றேன்.

"பாத்தேன்மா."

"படிங்க சார்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சுவரில் அவர் போட்டோ இருந்தது. அதைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். "செஸ்ட் கார்டு, பன்னிரண்டு" என்று வாசித்தார். "பசங்க ஏழு, பொண்ணுங்க அஞ்சு. சரியா வருது." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.