வரி தந்த வாடிக்கை போனது. இனி நாம் தேடும் வாடிக்கை

நெடுங்காடு வட்டார வணிகர்களுக்கு ஒரு காலத்தில் விளம்பரமே தேவைப்படவில்லை. பல பொருள்களுக்குப் புதுச்சேரியில் விற்பனை வரி குறைவு. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டில் அதிகம். அந்த வித்தியாசமே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைக் காரைக்கால் பகுதிக்கு அழைத்து வந்தது. 2017 ஜூலை 1-ல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. அன்று முதல் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் எல்லையின் இரு புறமும் ஒரே வரி. அரசாங்கம் கொடுத்த வாடிக்கையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இனி வாடிக்கையை நாமேதான் தேடியாக வேண்டும்.

விலையில் மோத வேண்டாம்

பெரிய கடைகளும், கைப்பேசி வழியே விற்கும் நிறுவனங்களும் கம்பெனியிடம் நேரடியாக மொத்தமாக வாங்குகின்றன. இந்த விலை வித்தியாசத்தை எதிர்த்துத்தான் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2022 ஜனவரி முதல் கம்பெனிகளுக்கு எதிராக ஒத்துழையாமை அறிவித்தது. விநியோகஸ்தர்களே திணறும்போது, பாக்கெட் சரக்கில் அவர்களுக்குச் சமமாக நாமும் தள்ளுபடி கொடுத்தால் கல்லாதான் காலியாகும்.

நமக்குப் பலம் சில்லறைச் சரக்கு. புளி, மிளகாய், பருப்பு, அரிசி ஆகியவற்றைக் கையில் எடுத்துத் தரம் பார்த்து வாங்கி, கல், தூசி நீக்கி, எடை குறையாமல் கொடுப்பவர் கடையை விட்டு ஆள் எளிதில் போகமாட்டார்.

கல்யாணப் பட்டியலை எழுதுபவர் யார்?

நமது வட்டாரம் காவிரியின் கடைமடை. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில்தான் கையில் பணம் புழங்கும். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் அதை ஒட்டியே வரும். பத்திரிகை வந்தால் மொய் எழுதுவதோடு நின்றுவிடுகிறோம். மளிகைப் பட்டியலை எழுதுபவர் சமையற்காரர். அவருக்கும், பந்தல்காரருக்கும், பூக்காரருக்கும் நம் கடை பழக்கமாக இருக்க வேண்டும். இதற்காகக் கமிஷன் கொடுத்து அதைப் பில்லில் ஏற்றினால் ஒரு கல்யாணத்தோடு பெயர் கெடும். அதைவிட, "மீந்த சரக்கைப் பிரிக்காமல் கொண்டுவந்தால் திரும்ப எடுத்துக்கொள்வோம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஊரெல்லாம் பேசும்.

பக்கத்தில் திருநள்ளாறு இருக்கிறது. சனிக்கிழமைதோறும் கூட்டம், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் கூட்டம். ஆனியில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. எள், நல்லெண்ணெய், திரி, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை முதல் நாளே வாசலில் எடுத்து வைத்து, விலையைப் பெரிதாக எழுதிப் போடுங்கள். வெளியூர்க்காரர் விலை கேட்கத் தயங்குவார், எழுதியிருந்தால் வாங்குவார்.

கடனும் ஒரு விளம்பரம்தான்

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்று பலகை மாட்டலாம். ஆனால் அறுவடை வரை கூலியாட்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் கைகொடுப்பது மளிகைக் கடைதான். பெரிய கடை எதுவும் இதைச் செய்யாது. ஆபத்து கடனில் இல்லை, கணக்கில் இருக்கிறது. வரம்பு வைக்காமல் கொடுத்தால், கட்ட முடியாதவர் வேறு தெரு வழியாகப் போய் வேறு கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குவார். பணமும் போகும், ஆளும் போவார். குடும்பத்துக்கு ஓர் அளவு, மாதம் ஒருமுறை அவர் எதிரிலேயே கூட்டிக்காட்டிக் கையெழுத்து. இதில் யாருக்கும் வருத்தம் வராது.

தனித்தனியே வாங்குவானேன்?

நம்மில் நான்கு பேர் ஒரே வாரத்தில் ஒரே மண்டியில் தனித்தனியே பத்துப் பத்து மூட்டை வாங்குகிறோம். நாலு வண்டி வாடகை, நாலு பேரம். சேர்ந்து நாற்பது மூட்டை கேட்டால் விலையும் இறங்கும், வாடகையும் மிச்சம். "பக்கத்துக் கடைக்காரன் நம் கொள்முதல் விலையைத் தெரிந்துகொள்வானே" என்ற தயக்கம்தான் தடை. அந்த ரகசியம் ஒரே மண்டியில் வாங்குகிற நமக்குள் என்றோ உடைந்துவிட்டது.

காரைக்கால் அம்மையாரின் கணவர் பரமதத்தன் கடல் கடந்து வாணிகம் செய்தவர். அத்தகைய வணிக மரபுள்ள மண்ணில் வரிச் சலுகை போனதற்காகக் கை கட்டி உட்கார வேண்டியதில்லை. அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் மண்டியில் வாங்கும் சரக்கின் பட்டியலைக் கொண்டு வாருங்கள். முதலில் துவரம் பருப்பு ஒன்றிலாவது கூட்டுக் கொள்முதலைத் தொடங்குவோம்.