யார் போட்டது?

ஆவுடையார்கோவிலுக்கு நான் போனது கொடுங்கையைப் பார்க்க. 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்புக்கொள்வார்களாம். அப்படிப்பட்ட கல் வேலை! கழுத்து நோக அண்ணாந்து பார்த்துவிட்டு, மாணிக்கவாசகர் உபதேசம் கேட்டதாகச் சொல்லும் குருந்த மரத்தையும் நினைத்துக்கொண்டு, தெரிந்தவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

அங்கே ஆறு வயதுப் பையன் காதைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். காதில் சீழ். மாமியார் நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்துவிட்டார். மருமகள் கையில் மொபைல் போன்.

"வேண்டாம் அத்தை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடுமாம். விக்கிப்பீடியாவில் போட்டிருக்கிறது."

"போட்டிருக்கென்றால்? யார் தாயி போட்டது?"

மருமகள் என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன். பத்திரிகைக்காரன் என்று பெயர், பதில் தெரியவில்லை! விருந்தாளி முன்னால் வாதம் எதற்கென்றோ என்னவோ, மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். ஊர் திரும்பியதும் விசாரித்தேன்.

பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டதல்லவா? அந்தந்தத் துறை அறிஞர்களைக் கொண்டு எழுதுவித்தார்கள். 'யார் போட்டது?' என்றால் ஆளைக் காட்டலாம். ஆனால் அச்சில் தவறு ஏறினால் ஏறியதுதான். 2001-இல் ஆங்கிலத்திலும் 2003-இல் தமிழிலும் தொடங்கிய விக்கிப்பீடியா இதற்கு நேர் எதிர். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். தவறைத் திருத்த ஒரு நிமிஷம். தவறைப் புகுத்தவும் அதே ஒரு நிமிஷம்!

இதனால்தான் காது வல்லுநர்கள் சிலர் களத்தில் இறங்கினார்கள். மார்ச் 3 உலகச் செவித்திறன் நாள். 3, 3 என்று எழுதிப் பாருங்கள், இரண்டு காதுகள் தெரியும். 2019-இல் அந்த நாளை ஒட்டி, அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செவியியல் வல்லுநர் தாயிஸ் மொராட்டா முதலானோர் பல நாட்டவரைச் சேர்த்துக்கொண்டு, காது, செவித்திறன், இரைச்சல் பற்றிய கட்டுரைகளைச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். பிரேஸில் நாட்டில் போர்த்துகீசிய மொழியிலும் இந்த வேலை நடந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விதி. 'நான் இருபது வருஷ டாக்டர், சொல்கிறேன், எழுதிக்கொள்' என்றால் ஆங்கில விக்கிப்பீடியாவில் எடுபடாது. பாடப் புத்தகம், பல ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கிய கட்டுரை, உலக சுகாதார ஸ்தாபனம் போன்றவற்றின் அறிக்கை, இப்படி ஏதேனும் சான்று வேண்டும். யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்பதும் 'வரலாறு' என்ற பக்கத்தில் அப்படியே இருக்கும். மாமியாரின் கேள்விக்கு ஓரளவு பதில் அங்கேதான் இருக்கிறது. ஓரளவுதான்; பலர் புனைபெயரில் எழுதுகிறார்கள்.

சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளின் செவித்திறன் குறைவில் சுமார் 60 சதவிகிதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். காதில் சீழ் வடிவதும் அவற்றுள் ஒன்று.

நம் தமிழில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. பெருமைதான். ஆனால் காது விஷயத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் விரிவு தமிழில் இல்லை. இருப்பதிலும் சில கலைச்சொற்கள் காதடைப்பையும் இரைச்சலையும் விடக் கஷ்டம் கொடுக்கின்றன! உங்கள் மகளோ நாத்தனாரோ செவியியல் படித்தவராயிருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ்க் கட்டுரை ஒன்றைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். 'சீழ்' என்று எழுதினால் பாட்டிக்குப் புரியும் என்று சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமே.

பையன் கதையைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். மறுநாள் காலை அறந்தாங்கி பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். செவிப்பறையில் சிறு துவாரம். மருந்து கொடுத்து, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். போனில் மருமகள்தான் சொன்னார். பின்னாலிருந்து மாமியாரின் குரலும் கேட்டது:

"அந்த விக்கிரமாதித்தன் மூட்டு வலிக்கு என்ன போட்டிருக்கிறான், பார் தாயி!"