ஐ7 ஸ்டிக்கருக்கு நாங்கள் கொடுக்கும் விலை

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்கு கம்பியூட்டர் வாங்க நினைத்திருக்கும் பெற்றோராவது கடைசிவரை வாசியுங்கள்.

போன வாரம் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கும் மாணவன் ஒருவனின் வாப்பா எங்களிடம் வந்தார். த்ரீவீல் ஓட்டுபவர். சீட்டு எடுத்து, ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு மகனுக்கு 'கேமிங் பிசி' வாங்கியிருக்கிறார். "சேர், ஐ7 எண்டுதான் தந்தாங்க. ஆனா விண்டோஸ் 11 ஏறுதில்ல எண்டு மகன் சொல்றான்" என்றார்.

திறந்து பார்த்தோம். கண்ணாடிக் கதவு, உள்ளே வண்ண வண்ணமாய் எரியும் நான்கு விசிறிகள். அவற்றுக்கு நடுவே ஐ7-2600. 2011இல் வந்த புரொசசர்! டிடிஆர்3 ரெம். பவர் சப்ளையில் 500 வோட்ஸ் என்று ஸ்டிக்கர், கையில் தூக்கினால் வெறும் டின் கனம்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அது ஐ7தான். எத்தனையாம் தலைமுறை என்பதைத்தான் சொல்லவில்லை. 2022இல் வந்த ஐ3-12100இலும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட். ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7 அதன் பக்கத்திலும் நிற்காது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை, ஒன்றிரண்டு தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

"வியாபாரம் என்றால் அப்படித்தான்" என்று சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட சம்பவத்தை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்? அந்த வியாபாரியும் வாய் திறந்து பொய் சொல்லவில்லையே. காய்ந்ததை மேலே வைத்திருந்தார், அவ்வளவுதான்.

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் முடியாது. கரும்பலகையில் ஐ3, ஐ5, ஐ7 என்று ஏறுவரிசையில் எழுதிப் போட்டவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான். தலைமுறை என்ற சொல்லை எத்தனை வகுப்பில் சொல்லிக் கொடுத்தோம்?

உண்மையில் எங்களுக்குக் கோபம் வந்தது மொனிட்டரைப் பார்த்துத்தான். 'பெக்கேஜோடு இலவசம்' என்று கொடுத்த பழைய 19 அங்குலம், 1366க்கு 768, விஜிஏ வயர், டிஎன் பெனல். மகன் நேராக இருந்தால் தெரிகிறது. பக்கத்தில் சாதாரண தரம் படிக்கும் தங்கச்சி இருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் வெளிறிப் போகிறது. கடந்தகால வினாத்தாள் பிடிஎஃப்பை வாசிக்கும் அளவுக்குப் பெரிதாக்கினால் பாதிப் பக்கம்கூடத் தெரியாது. தமிழில் சுழி இரண்டா மூன்றா, புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை இரவில் நான்கு மணித்தியாலம் பார்க்கப்போவது விசிறியையா, திரையையா?

24 அங்குலம், 1920க்கு 1080, ஐபிஎஸ் பெனல். படிப்புக்கு இது போதும். இதே 1080ஐ 27 அங்குலத்தில் வாங்கினால் எழுத்து கரடுமுரடாகத் தெரியும். 165 ஹெர்ட்ஸ் வேண்டும் என்று மகன் அடம்பிடித்தால், செக்கனுக்கு அத்தனை படம் செய்யும் கிராபிக்ஸ் கார்ட் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல மொனிட்டர் ஒன்று இரண்டு கம்பியூட்டரின் ஆயுளைத் தாண்டி உழைக்கும். அதில்தான் நாங்கள் காசைக் குறைக்கிறோம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஐ3-12100 வாங்கினால் பின்னால் 'எஃப்' இல்லாததை வாங்குங்கள். 'எஃப்' இருந்தால் தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. ரைசன் என்றால் 5600ஜி, அந்த 'ஜி' முக்கியம். ரெம் 16 ஜிபி ஒரே துண்டாக இல்லாமல் எட்டு எட்டாக. எஸ்எஸ்டி கட்டாயம். பவர் சப்ளை உத்தரவாதமுள்ள கம்பனியுடையது. ஒரு யூபிஎஸ்ஸும். (2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு முழு நாட்டின் கரண்டையும் நிறுத்தியது மறந்துபோச்சா?) காசு போதாவிட்டால் கடன்பட வேண்டாம். விளக்கில்லாத, எட்டாம் தலைமுறை பழைய ஒபிஸ் கம்பியூட்டர் ஒன்றும் நல்ல மொனிட்டரும் போதும்.

அந்தக் கடைக்கு வாப்பாவோடு நாங்களும் போனோம். பில்லில் 'ஐ7 பிசி - 1' என்று மட்டும் எழுதியிருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அழைக்கலாம்தான், ஆனால் இந்தப் பில்லை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? மொடல் இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மொனிட்டரை மாற்ற இன்னும் பதினெட்டாயிரம் கேட்கிறார்கள். சனிக்கிழமை திரும்பவும் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.